டெர்மினலில் வெள்ளைத் திரையும் கறுப்புத் திரையும்: கேள்வி பதில்

கேள்வி: என் புரோகிராம் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரையில்) எச்சரிக்கைகளை மஞ்சளில் காட்டுகிறது. எனக்குப் பளிச்சென்று தெரிகிறது. வெள்ளைத் திரை வைத்திருக்கும் நண்பரோ எதுவுமே படிக்க முடியவில்லை என்கிறார்.

பதில்: வெள்ளையில் மஞ்சள், கறுப்பில் அடர்நீலம், இரண்டுமே பழைய வியாதி. வாக்கியம் முழுவதற்கும் நிறம் எதற்கு? ‘எச்சரிக்கை’ என்ற சொல்லுக்கு மட்டும் கொடுங்கள், அதையும் சிவப்பாக்குங்கள். மற்றதெல்லாம் 39 என்ற நிறக் குறியீட்டு எண்ணிலேயே இருக்கட்டும், அதுதான் டெர்மினலின் இயல்பு எழுத்து நிறம். இயல்புப் பின்னணிக்கு 49. பின்னணியை நீங்களே மாற்றினால் எழுத்து நிறத்தையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: திரை இருட்டா வெளிச்சமா என்று புரோகிராமே கண்டுபிடிக்க முடியாதா அண்ணா?

பதில்: முடியும். ஆர்எக்ஸ்விடி, கான்சோல் போன்ற டெர்மினல்கள் தங்கள் நிறங்களை ‘கலர்எஃப்ஜிபிஜி’ (COLORFGBG) என்ற சூழல் மாறியில், அதாவது புரோகிராம்கள் படிக்கக்கூடிய ஒரு குறிப்பில், எழுதி வைக்கின்றன. ஆனால் நடுவில் நிறத் தொகுப்பை (தீம்) மாற்றினால் அது பழைய பல்லவியையே பாடும், எஸ்எஸ்எச் வழியாக வேறு கணினிக்குப் போனால் பெரும்பாலும் கூட வராது. நான் அதை நம்புவதில்லை.

டெர்மினலிடமே கேட்பதுதான் சரி. பின்னணி நிறத்துக்கான ஓஎஸ்சி 11 (OSC 11) கட்டளையைக் கேள்விக்குறியோடு அனுப்பினால், எக்ஸ்டெர்ம் உட்படப் பல டெர்மினல்கள் பின்னணியின் சிவப்பு, பச்சை, நீல அளவுகளைச் சொல்லிவிடும். 0.299, 0.587, 0.114 என்று முறையே பெருக்கிக் கூட்டுங்கள். முழு அளவில் பாதியைத் தாண்டினால் வெளிச்சம்.

சிக்கல், இந்தக் கட்டளை தெரியாத டெர்மினல் வாயே திறக்காது. எவ்வளவு நேரம் காத்திருப்பது? அதற்கு ஒரு தந்திரம் உண்டு. கேட்ட கையோடு ‘நீ எந்த வகை டெர்மினல்’ என்ற டிஏ1 கேள்வியையும் அனுப்பிவிடுங்கள். அதற்கு ஏறக்குறைய எல்லாமே பதில் சொல்லும். அந்தப் பதில் முந்திக்கொண்டு வந்தால் நிறம் வரப்போவதில்லை என்று விட்டுவிடலாம். அப்புறம், கேட்கும் முன் எக்கோவை (உள்ளே வருவதைத் திரையில் அப்படியே காட்டும் வசதியை) அணையுங்கள், இல்லாவிட்டால் பதில் திரையில் குப்பையாகக் கொட்டும்.

கேள்வி: பக்கக் குறிப்புகளை நிறக் குறியீடு 90-இல், அதாவது சாம்பலில் போடுகிறேன். சிலருக்கு அவை மாயமாகின்றனவாமே?

பதில்: சோலரைஸ்டு தீமாக இருக்கும். அதன் இருட்டு வடிவத்தில் அந்த எண்ணின் நிறமும் பின்னணி நிறமும் ஒன்றே. டெர்மினலின் 256 நிறப் பட்டியலில் முதல் 16 நிறங்கள் (உங்கள் சாம்பலும் இதில் ஒன்று) தீமுக்குத் தீம் மாறும். அதே பட்டியலில் 232 முதல் 255 வரையுள்ள சாம்பல்கள் பொதுவாக மாறாது, ஆகவே நடுவில் 244 போல ஒன்றை எடுங்கள்.

கேள்வி: நிறமே வேண்டாம் என்பவர்களுக்கு?

பதில்: ‘நோ கலர்’ (NO_COLOR) என்ற சூழல் மாறியில் எதையாவது வைத்திருந்தால் நிறத்தை விட்டுவிடுங்கள். 2017 முதல் இருக்கும் வழக்கம், பத்து நிமிட வேலைதான்.