பாராமகால் குதிரை வீரன்: நீங்கள் கேட்டவை

ஐதர் அலி, திப்பு காலத்தில் பாராமகால் எனப்பட்ட நம் தருமபுரி, கிருஷ்ணகிரிச் சீமையில் குதிரை வைத்துப் படைக்குப் போனவன் எப்படிப் பிழைத்தான், எப்படிச் சண்டை போட்டான் என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

பாலக்கோடு: ஐயா, சில்லேதார் என்பது பெரிய பதவியா?

பதவியெல்லாம் கிடையாது. சொந்தக் குதிரை, சொந்த ஆயுதத்தோடு படையில் சேர்ந்தவன்தான் சில்லேதார். இன்றைக்குக் கடன் வாங்கி ஒரு டாடா ஏஸ் எடுத்து மாங்காய் மண்டிக்கு ஓட்டுகிறார்களே, கிட்டத்தட்ட அதே கணக்கு. ஆளுக்கும் குதிரைக்கும் சேர்த்துத்தான் சம்பளம். அடுத்தவர் குதிரையில் ஏறிப் போனவன் பார்கீர். குதிரைக்கான பங்கு குதிரைக்காரருக்குப் போய்விடும். ஐதர் படையில் சர்க்கார் லாயத்துக் குதிரையில் போனவர்களும் உண்டு. சம்பளமே இல்லாமல் கொள்ளையை நம்பிக் கூட வந்தவர்களும் உண்டு.

காவேரிப்பட்டணம்: சண்டையில் குதிரை செத்துவிட்டால்?

அங்கேதான் இருக்கிறது விஷயம். குதிரை போய் ஆள் மட்டும் தப்பினால், மறுநாளிலிருந்து பிழைப்பு இல்லை. அதனால் பீரங்கியும் துப்பாக்கியும் வரிசையாக நிற்கும் இடத்தில் நேரே போய் மோத அவனுக்கு மனம் வராது. சுற்றி வளைப்பான், பின்னால் வரும் தானிய மூட்டைகளை மடக்குவான், தீவனத்தைக் கொளுத்துவான். இதைப் படித்துவிட்டு ‘கோழைகள்’ என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கும்பினி, அதாவது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் பீரங்கியை இழுத்தது மாடு. மாட்டுக்கு வைக்கோல் இல்லாவிட்டால் பீரங்கி நின்ற இடத்திலேயே நிற்கும். இது தெரிந்துதான் ஐதர் சண்டை போட்டார்.

1769-ல் ஏறக்குறைய 6,000 குதிரைகளோடு மூன்றரை நாளில் 130 மைல் ஓட்டிக்கொண்டு போய்ச் சென்னைக்கு வெளியே நின்றார். கும்பினிப் படை எங்கோ பின்னால் கிடந்தது. ஏப்ரலில் சமாதானத்துக்கு வந்தார்கள். 1780 ஜூலையில் செங்கம் கணவாய் வழியே இறங்கியபோது அதே குதிரைப்படை சென்னை, வேலூரைச் சுற்றியிருந்த ஊர்களைத் தீ வைத்து அழித்தது. எதிரிக்கு ஒரு படி தானியமும் கிடைக்கக் கூடாது என்பது கணக்கு. வெந்தது என்னவோ குடியானவன் வீடு. வீரம் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பென்னாகரம்: அவ்வளவு குதிரைக்கும் என்ன போட்டார்கள்?

கொள்ளுதான். ஊறவைத்து, அவித்துக் கொடுப்பார்கள். அப்புறம் புல். நம் மானாவாரிக் காட்டில் ராகியும் கொள்ளும் விளைந்ததால் ஆளுக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று. (கொள்ளு ரசம் குதிரைக்கும் கிடைத்ததா என்று கேட்ட தம்பிக்கு: இல்லை.)

ஓசூர்: மத்திகிரிப் பண்ணை திப்புவின் குதிரைப் பண்ணை என்கிறார்களே?

தவறு. அது 1824-ல் கும்பினி ஆட்சியில், படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கியது.

கிருஷ்ணகிரி: எங்கள் கோட்டையைப் பிடித்ததில் குதிரைப்படைக்குப் பங்கு உண்டா?

மலைக்கோட்டையில் குதிரைக்கு என்ன வேலை? அதோடு, சண்டை போட்டு அதைப் பிடிக்கவும் இல்லை. 1791 நவம்பரில் மாக்ஸ்வெல் தலைமையில் இரவில் ஏற முயன்ற கும்பினிப் படை, மேலிருந்து உருட்டிய கல்லடியில் திரும்பிவிட்டது. 1792 சீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் பாராமகாலே கைமாறியது. கலெக்டராக ரீட் வந்தார், அவருக்கு உதவியாளராக மன்றோ.

கிருஷ்ணகிரி, இன்னொருவர்: ராவுத்தர் என்ற பெயருக்கும் குதிரைக்கும் சம்பந்தம் உண்டா சார்?

உண்டு. ராவுத்தன் என்றால் குதிரை வீரன். மயிலேறும் முருகனையே அருணகிரிநாதர் ராவுத்தன் என்று கூப்பிடுகிறார்.

அரூர்: எங்கள் ஏரிக்கரையில் குதிரைமேல் வீரன் செதுக்கிய கல் இருக்கிறது. திப்பு காலமா?

அவசரப்படாதீர்கள். நம் பக்கத்து நடுகற்களில் பல, திப்புவுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முந்தியவை. வட்டெழுத்து என்ற பழைய எழுத்து இருந்தால் பல்லவர் காலம் வரைகூடப் போகலாம். அப்படிப்பட்ட கற்களில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் இருக்கும். பக்கத்தில் கை உயர்த்திய பெண் உருவம் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது கணவனோடு தீயில் இறங்கிய பெண்ணுக்கு நட்ட சதிக்கல்லின் அடையாளம். யாராவது திருவிழாவுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று வந்தால் மட்டும் தடுத்துவிடுங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், எழுத்து தெரிகிறதா பார்ப்போம்.