மலைக்குளிரில் போலராய்ட்: கேள்வியும் பதிலும்

எடுத்த கையோடு படத்தை வெளியே தள்ளும் பழைய போலராய்ட் கமராக்களை நுவரெலியாவில் இருந்துகொண்டு திறந்து, துடைத்து, படம் எடுத்துப் பழகியவன் நான். இந்த வாரம் சேர்ந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் ஊர்ப்பெயரை முன்னால் போட்டிருக்கிறேன்.

தலவாக்கலை: அண்ணே, சித்தப்பா ஒரு பழைய போலராய்ட் 600 வகைக் கமரா தந்தார். விடியக்காலையில் கொழுந்து எடுக்கப் போன அம்மாவைப் படம் பிடித்தேன். வெளிறி, நீலம் பாய்ந்து வந்தது. கமரா பழுதா?

கமராவில் பழுதில்லை தம்பி, குளிர்தான் காரணம். படத்தின் அடியில் அகலமான வெள்ளை ஓரம் இருக்கிறதல்லவா, மருந்துப் பசை அதற்குள்தான் இருக்கிறது. படம் வெளியே வரும்போது இரண்டு உருளைகள் அதை நசுக்கி, பசையைப் படம் முழுக்கப் பரப்புகின்றன. பிறகு நடப்பதெல்லாம் இரசாயன வேலை. அதற்கு 13 முதல் 28 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் நிறம் முழுதாக எழும்பாது. 28ஐத் தாண்டினால் மஞ்சளும் சிவப்பும் ஏறும். தை மாத விடியலில் நம் மலையில் 13 என்பதே பெரிய விஷயம்.

படம் வந்த கையோடு வெளிச்சம் படாமல் கவிழ்த்து, சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள். கலர் என்றால் பதினைந்து நிமிடம், கறுப்பு வெள்ளை என்றால் பத்து. கமராவையும் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு போய், எடுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள். பிலிமை ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் ஒரு மணிநேரமாவது முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். ஐஸ் கட்டும் தட்டில் மட்டும் வைக்கவே வேண்டாம். பசை உறைந்தால் அந்தப் பெட்டி போனதுதான்.

உருளைகளையும் பாருங்கள். காய்ந்த பசை ஒட்டியிருந்தால் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடைவெளியில் புள்ளி விழும். ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும்.

ஹட்டன்: ஐ-டைப் பிலிம் விலை குறைவு. 600 கமராவில் போடலாமா?

வேலை செய்யாது. இந்தக் கமராக்களுக்குள் பற்றரி கிடையாது, பிலிம் பெட்டிக்குள்தான் இருக்கிறது. சொந்தப் பற்றரி உள்ள புதிய கமராக்களுக்காக வந்த ஐ-டைப்பில் அந்தப் பற்றரி இல்லை. பெட்டியில் ‘600’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நானுஓயா: ரயிலில் மூடிய கண்ணாடி வழியாக எடுத்தால் மலை தெளிவாக விழுவதில்லை. கமராவில் வட்டமாக, சல்லடை போல ஒன்று இருக்கிறது.

அந்த வட்டம் ஒலி அலையை அனுப்பித் தூரத்தை அளக்கிறது. அலை கண்ணாடியில் பட்டுத் திரும்புவதால், மலை கையெட்டும் தூரத்தில் இருப்பதாகக் கமரா எண்ணிவிடுகிறது. ஜன்னலைத் திறந்து எடுங்கள். கமராவின் வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

மஸ்கெலியா: மூடுபனியில் எடுத்தால் முகம் இருண்டுபோகிறது.

பனியின் வெண்மையைப் பார்த்து, வெளிச்சம் போதும் என்று கமராவின் கண் முடிவு செய்கிறது. கமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு நெம்புகோலை, கூட்டும் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்துங்கள். ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கும் பொத்தான் இருந்தால் அதைப் பாவியுங்கள். இல்லாவிட்டால் பனித்துளிகள்தான் வெள்ளையாகப் பளிச்சிடும்.

பண்டாரவளை: 2005ஆம் ஆண்டுப் பிலிம், உடைக்காத பெட்டி. வாங்கலாமா?

வேண்டாம். போலராய்ட் 2008இல் பிலிம் தயாரிப்பதை நிறுத்தியது. அதற்கு முந்திய பெட்டிகளில் பசை காய்ந்திருக்கும், பற்றரி செத்திருக்கும். நெதர்லாந்தின் என்ஸ்கெடே தொழிற்சாலையைச் சிலர் காப்பாற்றி, 2010இல் மறுபடி பிலிம் செய்யத் தொடங்கினார்கள். அங்கிருந்து வரும் புதியதை வாங்குங்கள். அதில் எட்டுப் படம்தான், ஆனால் பழைய கமரா பத்திலிருந்து எண்ணும். எண் 2 என்று காட்டும்போது பிலிம் முடிந்துவிட்டது. இடையில் கதவைத் திறந்து பார்க்காதீர்கள்.

கண்டி: தம்பி, நான் ஸ்டூடியோவில் நின்றவன். படத்தை ஆட்டக்கூடாது என்று எப்போதும் எழுதுகிறீர்கள். நாங்கள் ஆட்டித்தான் கொடுத்தோம்.

ஐயா, நீங்கள் ஆட்டியது உரித்தெடுக்கும் வகைப் படத்தை. தாளைப் பிரித்ததும் மேற்பரப்பு ஈரமாக இருக்கும், உலர்த்த ஆட்டினீர்கள். அது சரிதான். 1972இல் வந்த எஸ்எக்ஸ்-70 கமராவிலிருந்து தொடங்கி, இந்த வகைப் படம் பிளாஸ்டிக்குக்குள் மூடப்பட்டே வருகிறது. உலர்த்த அங்கே ஈரம் இல்லை. ஆட்டினால் உள்ளே படலங்கள் பிரிந்து கறை விழும்.

கொட்டகலை: கண்டி ஐயா சொல்வதுதான் சரி. நான் ஆட்டிய படமெல்லாம் நன்றாகத்தான் வந்தது.

ஆட்டாமல் விட்டிருந்தாலும் நன்றாகத்தான் வந்திருக்கும். குளிர்காற்றில் ஆட்டினால் படத்தின் சூடும் போகிறது. நம் மலையில் அது இரட்டை நட்டம்.

கண்டி: சூடு என்றதும் ஞாபகம் வருகிறது. குளிர்நாட்களில் இரண்டு அலுமினியத் தகடுகளைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கி, படத்தை அவற்றுக்கு நடுவில் வைப்போம்.

ஐயா, இதைத்தான் கேட்கக் காத்திருந்தேன்! அந்தப் பிலிமுக்கென்றே கம்பெனி செய்த தகடு அது. தலவாக்கலைத் தம்பிக்கு நான் சொன்னதும் அதே வேலைதான், தகட்டுக்குப் பதிலாக உடம்பு. அந்தத் தகடு உங்களிடம் இன்னும் இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

வெலிமடை: ஐ-டைப் பிலிம் 600இல்…

ஹட்டன் பதிலைப் படியுங்கள்.

லிந்துலை: இன்ஸ்டாக்ஸ் பிலிம் போகுமா?

போகாது. அது ஃபுஜியின் வேறு அளவு.

ராகலை: டுபாயிலிருந்து அக்கா பிலிம் கொண்டுவருகிறார். பெட்டிக்குள் வைக்கலாமா?

சாமான் பெட்டியில் வேண்டாம், அங்கே எக்ஸ்ரே பலமானது. கைப்பையில் வைத்து, கையால் பார்க்கச் சொல்லிக் கேட்கட்டும்.

அப்கட்: ஆட்டினால் சீக்கிரம் தெரியுமா?

தெரியாது. ஆட்டாதீர்கள்.

பொகவந்தலாவை: 1981இல் தாத்தாவின் தம்பி குடும்பம் இந்தியா போனபோது, ஹட்டன் ஸ்டேசனில் ஒரு வெள்ளைக்காரர் எடுத்துக் கொடுத்த போலராய்ட் எங்களிடம் இருக்கிறது. ஓரத்தை வெட்டி லெமினேட் செய்யலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த ஓரம்தான் படத்தின் பூட்டு. வெட்டினால் காற்றும் ஈரமும் புகுந்து படலங்கள் பிரியும். லெமினேட் இயந்திரத்தின் சூடும் அதற்கு ஆகாது. இந்தப் படத்துக்கு நெகட்டிவ் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிரிந்த எத்தனையோ குடும்பங்களிடம் ஒரு படம்கூட இல்லை. உங்களிடம் ஒன்று இருக்கிறது.

முதலில் ஸ்கேன் செய்யுங்கள். முடியாவிட்டால் வெயில் நேரே விழாத ஜன்னலோரம் வைத்து, கண்ணாடிபோல் மின்னாத கோணத்தில் கைப்பேசியால் எடுங்கள். பிறகு காகித உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு தகரப் பெட்டியில் வையுங்கள். லயத்துச் சுவரில், அடுப்புப் புகை படும் இடத்தில் மாட்டாதீர்கள்.

கூடலூரிலோ கோத்தகிரியிலோ உறவுகள் இருந்தால் பிரதியை அனுப்புங்கள். படத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு, தனித்தாளில் பென்சிலால் எழுதி உறைக்குள் வையுங்கள். படத்தின் மேல் பேனாவை அழுத்த வேண்டாம்.