செக்ரடேரியட்டின் மகள் வயிற்றுப் பேரன்கள்

அமெரிக்கப் பந்தயக் குதிரை செக்ரடேரியட் நிஜமாகவே அவ்வளவு பெரிய குதிரையா, அப்படியானால் அதன் குட்டிகள் ஏன் பேர் வாங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு ஆமாம். இரண்டாவதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் ஊட்டிக்காரி. அப்பா ரேஸ் கோர்ஸில் சைஸாக இருந்தவர், அதாவது குதிரையைத் தேய்த்து, தீனி வைத்து, கூடவே கிடப்பவர். கோடை சீசனுக்குக் குதிரைகள் லாரியில் மலையேறி வந்துவிட்டால் அவர் ஸ்வெட்டரில் லாய வாசம் ஏறிவிடும். சீசன் முடிகிறவரை போகாது.

சில வருடங்களுக்கு முன், செக்ரடேரியட் ஓடிய 1973 பெல்மான்ட் ஸ்டேக்ஸ் பந்தயத்தை அவருக்குப் போனில் போட்டுக் காட்டினேன். ஐந்தே குதிரைகள். தூரம் ஒன்றரை மைல், ஊட்டி மைதானத்தை ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று வருகிற தூரம். செக்ரடேரியட்டும் ஷாம் என்ற குதிரையும் முதல் ஆறு பர்லாங்கை, அதாவது முக்கால் மைலை, 1 நிமிடம் 10 நொடிக்குள் ஓடிவிட்டன. "ரெண்டும் செத்துச்சு பாப்பா" என்றார் அப்பா. இவ்வளவு நீளப் பந்தயத்தில் ஆரம்பத்திலேயே மூச்சைச் செலவழித்தால் கடைசி வளைவில் கால் வராது என்பது அவர் கணக்கு. ஷாம் விஷயத்தில் அது பலித்தது, கடைசியாக வந்தது. செக்ரடேரியட் மட்டும் விலகிப் போய்க்கொண்டே இருந்தது. 31 லெங்த் வித்தியாசம், 2 நிமிடம் 24 நொடி. மண் தடத்தில் இந்தத் தூரத்துக்கு இன்றைக்கும் அதுதான் சாதனை.

31 லெங்த் எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு லெங்த் ஒரு குதிரை நீளம், சுமார் எட்டடி. மறுநாள் ரேஸ் கோர்ஸ் வேலியோரம் அப்பாவை நிற்க வைத்துவிட்டு எண்ணிக்கொண்டே நடந்தேன். நூறு எட்டு வைக்க வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால் என் கட்டைவிரல் நகத்தளவுக்குத்தான் தெரிந்தார்.

அன்று அந்தக் குதிரை மேல் இரண்டு டாலர் கட்டியவர்களுக்குக் கிடைத்தது 2.20 டாலர். ஜெயித்த சீட்டுகளில் 5,617-ஐ யாரும் பணமாக்கவே இல்லை, ஞாபகமாக வைத்துக்கொண்டார்கள். இதை மட்டும் அப்பா கடைசிவரை நம்பவில்லை.

தோற்கவே தோற்காத குதிரை இல்லை. 21 பந்தயங்களில் 16 வெற்றி. ஆனியன் என்ற குதிரையிடம்கூடத் தோற்றிருக்கிறது. பேரைப் பாருங்கள், வெங்காயம்! ஆனால் அதே 1973-ல் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் ஒவ்வொரு கால் மைலையும் முந்தையதைவிட வேகமாக ஓடியது. ஓட ஓடக் களைப்பதுதான் உயிருள்ள எதற்கும் வழக்கம்.

சரி, வாரிசுக்கு வருவோம். 1988-ல் ப்ரீக்னெஸ், பெல்மான்ட் பந்தயங்கள் இரண்டையும் ஜெயித்த ரைசன் ஸ்டார் இதன் மகன். 1986-ல் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரையான லேடீஸ் சீக்ரெட் இதன் மகள். என்றாலும் அப்பனைப் போல இன்னொரு குதிரை வரவில்லை என்பது உண்மைதான். வம்சம் தழைத்தது மகள்கள் வழியில். பேர் பெற்ற பொலிகுதிரைகளான ஸ்டார்ம் கேட், ஏ.பி. இண்டி, கான் வெஸ்ட் மூன்றும் மகள் வயிற்றுப் பேரன்கள். ஸ்டார்ம் கேட்டை ஒரு பெட்டைக்குச் சேர்க்க ஒரு காலத்தில் 5 லட்சம் டாலர் வாங்கினார்கள்.

1989-ல் குளம்பு நோயால் செக்ரடேரியட்டைக் கருணைக்கொலை செய்தார்கள். உடலைப் பரிசோதித்த மருத்துவர், இதயம் சுமார் 10 கிலோ இருக்கும் என்று மதிப்பிட்டார். சாதாரணப் பந்தயக் குதிரைக்கு அதில் பாதிகூட இருக்காது. நிறுத்துப் பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பெரிய இதயம் எக்ஸ் குரோமோசோமில் வருகிறது, ஆண் குதிரை அதை மகளுக்குத்தான் கொடுக்க முடியும் என்று ஒரு கருத்து உண்டு. நிரூபணமானது இல்லை. அப்பாவிடம் சொன்னபோது, "குட்டி வாங்க வர்றவன் தாய் யாருன்னுதானே மொதல்ல கேப்பான்" என்று சாதாரணமாகச் சொன்னார்.

அன்றைக்கு வீடியோ முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "சைஸ் யாரு?"

தேடிப் பார்த்து, எடி ஸ்வெட் என்றேன். அந்தப் பேரை இரண்டு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.