ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை விட்டுப் புதிய தொழில்நுட்பத்துக்கு மாறலாமா? நீங்கள் எப்படி முடிவெடுக்கிறீர்கள்?

கோவையில் சரவணம்பட்டியிலோ பீளமேட்டிலோ மூன்று நான்கு வருடம் நிரல் எழுதியிருப்பீர்கள், 'மாறுங்கள்' என்று யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள் என நினைக்கிறேன். நான் சொல்ல மாட்டேன். இப்போது இருப்பது வேலையை முடித்துத் தருகிறதென்றால் அதைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால், எந்த இடத்தில் நிறுத்துவீர்கள் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். இதை நான் கற்றுக்கொண்டது அலுவலகத்தில் அல்ல.

2018இல் என் மாமா திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் (பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பட்டறை) நடத்திக்கொண்டிருந்தார். ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள் எல்லாம் சேர்த்து 28 தையல் மெஷின், நாற்பது பேருக்கு வேலை. வாரச் சம்பளக் கணக்கு முழுவதும் ஒரு நீள நோட்டில் இருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "நான் செய்து தருகிறேன் மாமா" என்று வாங்கிக்கொண்டேன். வருகைப் பதிவுக்கு ஒரு சேவை (தனியாக ஓடும் சிறு நிரல்), தைத்த பீஸ் கணக்குக்கு ஒன்று, அட்வான்ஸ் கழிக்க ஒன்று, ரசீதுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதி எல்லாவற்றையும் கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினிகளில், ஏற்றினேன். அப்போது எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். நாற்பது பேர் சம்பளத்துக்கு அதில் எதுவுமே தேவையில்லை.

முதல் சனிக்கிழமை மாலை பாதிப் பேருக்கு ரசீது அச்சாகும்போதே இணையம் அறுந்தது. அச்சான ரசீதுகளிலும் தொகை தவறு. நான் மணிக்கணக்கில் கூலி போட்டிருந்தேன். பனியன் கம்பெனிகளில் கணக்கு ஷிப்ட். காலை எட்டரைக்கு வந்து இரவு வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். இதை மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை. தைப்பவர்களுக்குத் துணையாகக் கைமடி வேலைக்கு வரும் பெண்கள் பல்லடம் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று வாசலில் நின்றார்கள். அவர்களில் ஒரு அக்கா ரசீதை என்னிடம் நீட்டி, "தம்பி, இது என் பெயர் மாதிரியே இல்லையே" என்றார். செல்வி என்ற பெயரில் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய்ப் புள்ளி வட்டத்தோடு தனியாக நின்றது. மாமா ஒன்றும் பேசவில்லை. இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்தார். அரை மணி நேரத்தில் எல்லோர் கையிலும் பணம் இருந்தது.

கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும் அந்தக் கொம்பைப் பற்றிச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியவில்லை. எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் சேமிப்பதற்கான பொதுத் தரமான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இலேயே, தமிழ் இருக்கிறது. 'செ' என்பதில் சகரம் முதலிலும் கொம்பு அடுத்தும் சேமிக்கப்படும். திரையிலோ தாளிலோ காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்துருவைக் கையாளும் நிரலின் பொறுப்பு. பிடிஎப் உருவாக்கும் எத்தனையோ கருவிகள் அதைச் செய்வதில்லை. நம் ஊரில் பில் போடும் மென்பொருள் விற்பவர்களிடம் கேட்டால், ஆங்கிலத்தில் அச்சடித்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். வாரம் முழுக்க நின்று வேலை செய்த பெண் தன் பெயரைச் சரியாகப் படிக்கக் கூடாதா? எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அன்று அந்த ரசீதை அச்சடித்தவன் நான் என்பதால் கூடுதலாக வருகிறது.

அதன் பிறகும் நான் நிறுத்தவில்லை. "இன்னும் ஒரு வாரம் கொடுங்கள் மாமா" என்று ஏழு மாதம் ஓட்டினேன்.

நிறுத்தியது என் அப்பாவைப் பார்த்துத்தான். காங்கயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அடுத்த கோடையில் ஆழ்துளைக் கிணறு போடத் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தது. குழி போடும் முன்பே அப்பா வண்டிக்காரரிடம், "தொள்ளாயிரம் அடி. அதற்கு மேல் நானே கேட்டாலும் போடாதீர்கள்" என்றார். அம்மாவையும் பக்கத்தில் நிற்கவைத்துத்தான் சொன்னார். ஆழம் போகப் போக அடிக்கு விலையும் ஏறும். எழுநூறு அடியில் மண் கொஞ்சம் கறுத்து வந்தது. அப்பா அதைக் கையில் வாங்கிப் பிழிந்து பார்த்தார். விரலில் ஈரம் ஒட்டியது. பிறகு மறுபடியும் வெள்ளைக் கல்மாவு. தொள்ளாயிரத்தில் அப்பாவே வண்டிக்காரரிடம் போய், "இன்னும் ஒரு ஐம்பதடி…" என்று இழுத்தார். "காலையில் என்ன சொன்னீர்கள்?" என்றார் அம்மா. வண்டி கிளம்பிவிட்டது. தென்னை ஓலையெல்லாம் மாவு படிந்திருந்தது. மிச்சப் பணத்தில், பழைய கிணற்றில் இருக்கும் தண்ணீருக்கே சொட்டுநீர்க் குழாய் போட்டார்.

அன்று இரவே கிளவுட் கணக்கை மூடினேன்.

இப்படிப் பயந்திருந்தால் திருப்பூர் வளர்ந்திருக்குமா என்று யாராவது கேட்பார்கள். மெஷின் வாங்கினால் திரும்ப விற்கலாம், தொள்ளாயிரம் அடித் துளையை யாரிடம் விற்பது? திரும்ப விற்கக்கூடியதில் தாராளமாகத் துணியுங்கள், நானும் துணிகிறேன். 'அப்படியானால் எல்லாவற்றுக்கும் எக்செல் போதும் என்கிறாயா' என்றும் கேட்பார்கள். இல்லை. 2020இல் இங்கிலாந்தில் பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லாததால் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் சேரவில்லை. எளிய கருவிக்கும் அடியாழம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

மாமாவுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே நிரலாகத் திருப்பி எழுதிக் கொடுத்தேன். தரவு முழுவதும் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில், ஒரே கோப்பு. 2000ஆம் ஆண்டில் வந்த தொழில்நுட்பம், உங்கள் கைப்பேசிக்குள்ளும் இருக்கிறது. யூனிட்டில் கிடந்த பழைய கணினியிலேயே ஓடுகிறது, இணையம் வேண்டாம். ஷிப்ட் கணக்கு சரியாக வருகிறது, பெயர்களில் கொம்பு அதனதன் இடத்தில் இருக்கிறது. நோட்டை மாமா இன்னும் விடவில்லை. சனிக்கிழமைகளில் அதில் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அச்சுப் பொத்தானை அழுத்துகிறார். விடச் சொல்லி நான் கேட்டதும் இல்லை.