டீப்பாய்க்கு வளைகால்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

போன வாரம் என் பட்டறையில் செய்த டீப்பாயின் படத்தைப் போட்டேன். அதன் நான்கு கால்களும் முட்டியில் புடைத்து, கணுக்காலில் ஒடுங்கி, பாதத்தில் மறுபடி விரிபவை. அதைப் பார்த்துவிட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே ஒன்றாகப் பதில் சொல்கிறேன். மியான்மரின் யாங்கோனில் முப்பது வருடமாக உளி பிடிக்கிறவன் நான். கையால் செய்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

மோல்மேனிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, வளைகாலுக்குத் தேக்குதான் வேண்டுமா? படாக், பியின்கடோ ஆகாதா?

படாக் நன்றாக ஆகும். தேக்கைவிடக் கனம், சிவப்பும் அழகு. ஆனால் நார் பின்னிப் பின்னி ஓடும். ஒரு பக்கம் வழவழவென்று சீவிக்கொண்டே வருவீர்கள், அடுத்த அங்குலத்தில் சிம்பு கிளம்பிவிடும். பியின்கடோ பாலத்துக்கும் தண்டவாளக் கட்டைக்கும் போகிற மரம், வளைவு செதுக்க நினைக்க வேண்டாம். முதல் ஜோடிக்குத் தேக்கே நல்லது.

முடிந்தால் இடித்த பழைய வீட்டு உத்தரத்தை வாங்குங்கள். நம் காட்டில் தேக்கை வெட்டுவதற்கு முன்பே அடிமரத்தைச் சுற்றி வளையம் போல் வெட்டி, சுமார் மூன்று வருடம் நின்றபடியே காயவிடுவது பழைய வழக்கம். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது என்பதால் அப்படி. அந்த மரம் உத்தரமாக ஐம்பது அறுபது வருடம் வீட்டில் கிடந்து இன்னும் காய்ந்திருக்கும். அதற்கு மேல் சுருங்குவதும் உப்புவதும் குறைவு. வாங்கினதும் காந்தம் வைத்து ஆணி தேடுங்கள். நான் ஒரு தடவை தேடாமல் இழைத்து, இழைப்புளி அலகை நடுவில் உடைத்துக்கொண்டேன்.

பகோவிலிருந்து: அளவு சொல்லுங்கள் ஐயா. எவ்வளவு கனமான கட்டை எடுப்பது?

மேசை 18 அங்குல உயரம், மேல்பலகை முக்கால் அங்குலம் என்றால் கால் பதினேழேகால் வரும். கட்டை மூன்றங்குலச் சதுரம். மேலே, பலகையைத் தாங்குகிற சட்டம் சேருகிற தலைக்கட்டை ஒன்றேமுக்கால். தேக்கில் கணுக்கால் ஒன்றேகால் அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம்.

முதலில் ஹார்ட்போர்டில் காலின் வடிவத்தில் அச்சு வெட்டுங்கள். அதைச் சுவரில் சாய்த்து வைத்து, தலைக்கட்டையிலிருந்து ஒரு தூக்குநூல் விட்டுப் பாருங்கள். நூல் பாதத்துக்குள் விழ வேண்டும். வெளியே விழுந்தால் மேசை கண்ணுக்கே சறுக்கி விழப்போவது போல் இருக்கும், மரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. அச்சு சரியாக வர எனக்கு இப்போதும் மூன்று நான்கு ஹார்ட்போர்டு போகிறது.

மாண்டலேயிலிருந்து: நான் செய்த காலில் ஒன்று கணுக்காலில் படக்கென்று உடைந்துவிட்டது. மரத்தில் கணுகூட இல்லை. ஏன்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கும் நடந்திருக்கிறது. கல்யாண வீடு ஒன்றுக்குச் செய்து கொடுத்த டீப்பாய் அது. பந்திக்கு இடம் வேண்டுமென்று யாரோ தூக்காமல் இழுத்தார்கள், ஒரு கால் கணுக்காலில் போனது. உடைந்த இடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலிருந்து கீழே வர வேண்டிய நார், கணுக்காலில் குறுக்கே சாய்வாக வெட்டுப்பட்டு முடிந்திருந்தது. மரம் முறியவில்லை, வெற்றிலையை நரம்போரம் கிழிப்பது போல நாரோடு பிளந்திருந்தது. பிழை மரத்தில் இல்லை, அச்சை நான் வைத்த விதத்தில்.

அன்றிலிருந்து இப்படிச் செய்கிறேன். அச்சின் மேல் தலைக்கட்டையிலிருந்து கணுக்கால் வழியாகப் பாதம் வரை நேர்கோடு ஒன்று போடுவேன். அந்தக் கோடு எங்குமே அச்சை விட்டு வெளியேறக் கூடாது. வெளியேறினால் வளைவு அதிகம் என்று அர்த்தம், வளைவைக் குறைப்பேன். அப்புறம் அச்சைக் கட்டையில் வைக்கும்போது மரத்தின் நார் அந்தக் கோட்டோடு ஒத்துப் போகிறதா என்று பார்ப்பேன். கட்டையின் ஓரத்தைப் பார்க்காதீர்கள், நாரைப் பாருங்கள். ரம்பம் அறுத்த ஓரம் நேராக இருக்கும், உள்ளே நார் சாய்ந்து போயிருக்கும். சந்தேகம் வந்தால் பக்கத்துக் கழிவுத் துண்டை உளியால் பிளந்து பாருங்கள். எப்படிப் பிளக்கிறதோ அப்படித்தான் நார்.

இன்னொன்று. கட்டையின் வெட்டு முகத்தில் வளையங்கள் மூலைக்கு மூலை சாய்வாக ஓடினால் நான்கு பக்கமும் நேர்வரி தெரியும். நான்கு காலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல இருக்கும். ஒரு பக்கம் நேர்வரி, அடுத்த பக்கம் மலைமலையாய் வரி என்றால் வளைவு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கோணலாகவே தோன்றும்.

தவுஞ்சியிலிருந்து: ஒரே கட்டையில் இரண்டு பக்கமும் எப்படி வளைவு அறுக்கிறீர்கள்?

அச்சை அடுத்தடுத்த இரண்டு முகத்திலும் வரைய வேண்டும். இரண்டு முட்டியும் நடுவிலுள்ள ஒரே ஓரத்தைப் பார்த்திருக்கட்டும். அந்த ஓரம்தான் காலின் முன்பக்கம். அறுப்பதற்கு முன்பே, கட்டை சதுரமாக இருக்கும்போதே, சட்டத்தின் கழுந்து, அதாவது முனையிலுள்ள நாக்கு, நுழைவதற்கான துளைகளைப் போட்டுவிடுங்கள். வளைந்த பிறகு கட்டையைப் பிடிக்க இடம் கிடைக்காது.

பேண்ட் சா இருந்தால் முதல் முகத்தை அறுத்து, விழுந்த துண்டுகளைப் பழைய இடத்திலேயே டேப் போட்டு ஒட்டுங்கள். கட்டை மறுபடி சதுரம் ஆகிவிடும், இரண்டாம் முகத்தின் கோடும் திரும்பக் கிடைக்கும். திருப்பி வைத்து அறுத்து, டேப்பைப் பிரித்தால் உள்ளேயிருந்து கால் வரும். எத்தனை தடவை செய்தாலும் அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷம்தான்.

மோல்மேன் தம்பி மறுபடி: கரண்ட் இல்லாத நேரம்தான் அதிகம் அண்ணே. கை ரம்பத்தில் முடியுமா?

முடியும், நான் கற்றுக்கொண்டதே அப்படித்தான். வளைவுக் கோடு வரை அரை அங்குலத்துக்கு ஒரு குறுக்கு வெட்டு போடுங்கள். அப்புறம் நடுத்துண்டுகளை உளியும் கொட்டாப்புளியும் வைத்துத் தட்டி எடுங்கள். இதில் கழிவு துண்டு துண்டாகப் போய்விடும், ஒட்டி வைக்க முடியாது. அதனால் இரண்டாம் முகத்துக்கு மெல்லிய அட்டையில் ஒரு அச்சு வைத்துக்கொண்டு, வளைவின் மேல் படிய வளைத்துப் பிடித்துக் கோடு போடுங்கள். ஒரு காலுக்கு அரை நாள் ஆகும்.

வழவழப்பாக்கும்போது எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. முட்டியிலிருந்து கணுக்காலுக்கு இறங்குங்கள், பாதத்திலிருந்தும் கணுக்காலுக்கே வாருங்கள். எதிரே போனால் நார் எழும்பும். கணுக்காலை முதலில் எட்டுப் பட்டையாக்கி, அப்புறம் உருட்டுங்கள். தேக்கில் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் அலகு சீக்கிரம் மழுங்கும். பக்கத்திலேயே சாணைக்கல் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினால் உப்புத்தாள் பாதி மிச்சம்.

தட்டோனிலிருந்து: நீராவியில் வளைத்துவிட்டால் சுலபமில்லையா?

ஒரு பக்கம் வளைகிற காலுக்குச் சரி. அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி காட்டுவது கணக்கு. ஆனால் முட்டி பருத்து, கணுக்கால் மெலிகிற கால் ஆவியில் வராது. அதைச் செதுக்கத்தான் வேண்டும்.

ஒரு தங்கச்சி, யாங்கோன்: மாமா, முட்டியின் வளைவு சட்டத்தோடு சேர, முட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிய சின்னக் கட்டைகள் விழுந்துவிடுகின்றன. நல்ல பசைதான் போட்டேன்.

பசையில் குறையில்லை அம்மா. தேக்கில் எண்ணெய் இருக்கிறது; சீவி நேரமானால் அது மேலே வந்துவிடும். ஒட்டுகிற முகத்தைப் புதிதாகச் சீவு, அசிட்டோன் நனைத்த துணியால் துடை, ஈரம் போனதும் உடனே ஒட்டி இறுக்கு. நாளைக்கு ஒட்டலாம் என்று வைத்தால் மறுபடி துடைக்க வேண்டும். காலை அறுத்த அதே கட்டையின் கழிவிலிருந்து அந்தத் துண்டுகளை எடு, நாரும் காலைப் போலவே மேலிருந்து கீழே ஓடட்டும். தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும், மூக்கைக் கட்டிக்கொள்.

பகோ ஐயாவே மறுபடி: பாகான் கிண்ணங்களுக்குப் பூசுகிற தித்சி என்கிற மரப்பால் அரக்கைக் காலுக்குப் பூசலாமா?

கறுப்பு வேண்டுமென்றால் பூசலாம். அது ஈரக் காற்றில்தான் நன்றாக இறுகும். பச்சையாகத் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கையுறை கட்டாயம். தேக்கின் நிறம் தெரிய வேண்டுமென்றால் எண்ணெய் போதும். புதிதாக அறுத்த தேக்கில் பச்சையும் பழுப்புமாகத் திட்டு தெரிந்தால் பயப்பட வேண்டாம். நாலைந்து நாள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி வைத்தால் பொன்னிறமாகிவிடும்.

மாண்டலே நண்பர்: மேசை ஆடுகிறது. எந்தக் காலைக் குறைப்பது?

எதையும் அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். டீப்பாய் என்ற சொல்லே இந்துஸ்தானியில் மூன்று கால் என்ற பொருளில் வந்தது. மூன்று கால் எந்தத் தரையிலும் நிற்கும், நாலாவதுதான் தகராறு செய்யும். மேசையைச் சமமான கண்ணாடி மேல் வைத்து, ஆடுகிற காலின் அடியில் காகிதத்தை மடித்து மடித்துச் செருகுங்கள். ஆட்டம் நின்றதும் பென்சிலைச் சின்ன மரத்துண்டின் மேல் படுக்கவைத்து, நான்கு பாதத்தைச் சுற்றியும் ஒரே உயரத்தில் கோடு இழுங்கள். நான்கையும் அந்தக் கோடு வரை அரத்தால் தேய்த்துவிடுங்கள்.