எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் மூன்று பந்துக் கருவி போதுமா, மூச்சுத் தசைப் பயிற்சியும் தேவையா?

உங்கள் அக்காவுக்குக் கொழும்பில் இரைப்பைக் குறைப்புச் சத்திரசிகிச்சை முடிந்து, மூச்சை உள்ளிழுக்கும்போது மூன்று பந்துகள் மேலெழும் பந்துக் கருவி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள் என்றும், மூச்சுத் தசைகளை வலுப்படுத்தும் தசைப் பயிற்சிக் கருவியும் வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை. இதே சத்திரசிகிச்சைக்குப் பின் திருகோணமலை திரும்பிய என் மனைவி இரண்டையும் பயன்படுத்தியதை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

பருமனான உடலில் வயிற்றுக் கொழுப்பு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசையான பிரிமென்றகட்டை மேல்நோக்கித் தள்ளுவதால், படுத்திருக்கும்போது நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரிவதில்லை. அதனுடன் மயக்க மருந்தின் விளைவும், நோவுக்குப் பயந்து மேலோட்டமாக எடுக்கும் மூச்சும் சேரும்போது, அங்குள்ள காற்றறைகள் சுருங்கிச் சளி தேங்குகிறது. பந்துக் கருவி தரப்படுவது அந்த அறைகளைத் திறப்பதற்காக. மூன்று பந்தையும் வெடுக்கென்று எகிறச் செய்வதில் பயனில்லை. மெதுவாக, ஆழமாக இழுத்து, ஒரு பந்தையாவது சில விநாடிகள் மேலே நிறுத்திவைக்க வேண்டும். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் நோவு குறையும். ஆனாலும், எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களிடம் அமெரிக்காவில் நடத்தி 2017 இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகைக் கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் இடையே ஒட்சிசன் குறைபாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே நிமிர்ந்து உட்காருவதையும் நேரத்தோடு எழுந்து நடப்பதையும் கருவிக்காகக் கைவிடக் கூடாது.

தசைப் பயிற்சிக் கருவியின் உள்ளே சுருள்வில்லால் அழுத்திய ஒரு வால்வு இருக்கிறது. குறித்த அழுத்தத்துக்கு உறிஞ்சும்வரை அது திறக்காது; திறந்ததும் காற்று திடீரென உள்ளே பாய்வதை உதட்டிலேயே உணரலாம். அந்தச் சுமைதான் பிரிமென்றகட்டுக்கும் விலா எலும்பிடைத் தசைகளுக்கும் பயிற்சி. பிரேசிலில் நடந்து 2011 இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், சத்திரசிகிச்சைக்குப் பின் இப்பயிற்சி செய்தவர்களின் மூச்சுத் தசை வலிமை விரைவாக மீண்டது. அதை வைத்து எல்லோருக்கும் இது கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் படியேறினாலே இளைப்பவருக்கும், முன்பே மூச்சுத் தசை பலவீனமானவருக்கும் முயன்று பார்க்கத் தக்கது என்பது என் எண்ணம்.

சுருள்வில்லின் அளவை நீங்களாக வைக்க வேண்டாம். அக்கா உறிஞ்சக்கூடிய உச்ச அழுத்தத்தை இயன் மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) அளந்து, வழக்கமாக அதில் ஏறத்தாழ 30 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார். என்றிலிருந்து தொடங்கலாம் என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணர் சொல்ல வேண்டும். செவிப்பறை கிழிந்தவர்களும், அண்மையில் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்தவர்களும் இதைச் செய்யக் கூடாது. தலை சுற்றினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மிகவும் வேண்டிக் கேட்கிறேன். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு நோவு, ஓய்விலும் குறையாத வேகமான நாடித்துடிப்பு, காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியால் சரியாகும் என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். அது இரத்தக்கட்டியாகவோ இரைப்பைத் தையலில் ஏற்பட்ட கசிவாகவோ இருக்கலாம்.

அழுத்த அளவையும் பயிற்சி அட்டவணையையும் கொழும்பிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் வழியில் தம்புள்ளையிலும் ஹபரணையிலும் வாகனத்தை நிறுத்தி, அக்காவைக் கொஞ்ச நேரம் நடக்கவிடுங்கள்.