மருந்து கொடுத்தும் ஆட்டுக்கு இருமல் நிற்கவில்லையா?

மன்னார்குடிப் பக்கத்து வாசகரின் கேள்வி: கார்த்திகை மழைக்குப் பிறகு 12 வெள்ளாடுகளில் 5 வறட்டு இருமலோடு மெலிகின்றன. காய்ச்சல் இல்லை, தழை தின்கின்றன. புழு மருந்து கொடுத்தும் பலனில்லை. புழுக்கையைச் சோதித்தால் முட்டை இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?

முட்டை இல்லை என்பதால் புழு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். நுரையீரல் புழுவின் முட்டை ஆட்டின் உடம்புக்குள்ளேயே பொரிந்துவிடும். புழுக்கையில் வருவது இளம்புழு. வழக்கமான முட்டைச் சோதனையில் அது சிக்காது. பேர்மன் முறை இளம்புழுச் சோதனை வேண்டும் என்று கேளுங்கள். உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்டத்தில்தான். ஆசனவாயிலிருந்து நேராக எடுத்த 10 கிராம் புழுக்கையை அன்றே கொடுங்கள். தரையில் கிடப்பதைப் பொறுக்கினால் மண்புழுதியில் வாழும் நுண்புழுக்கள் ஒட்டிவந்து குழப்பும்.

நுரையீரல் புழுவில் இரண்டு வகை. டிக்டியோகாலஸ் ஈரப்புல் வழியே நேராகப் பரவும். செத்த ஆட்டின் மூச்சுக்குழாயைக் கீறினால் நுரைக்குள் வெள்ளை நூல் போல 3 முதல் 10 செ.மீ. நீளத்தில் கிடக்கும். முல்லேரியஸ் நத்தை வழியே வரும். நுரையீரலைத் தடவினால் கடுகும் மிளகுமாகக் கட்டிகள் விரலில் நெருடும். வரப்பெல்லாம் நத்தை ஊரும் நம் பகுதியில் இதையும் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

மருந்து தோற்பதற்குப் பெரும்பாலும் எடையைக் கண்ணால் மதிப்பிடுவதே காரணம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து வாலருகே உள்ள பின்தட்டு எலும்பு வரையான நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுங்கள். இரண்டும் 24 அங்குலமானால் சுமார் 21 கிலோ. ஃபென்பென்டசோல் என்ற புழு மருந்து கிலோவுக்கு 10 மி.கி. என்றால் 210 மி.கி.; 2.5 சதவீத மருந்தில் 8.4 மி.லி., 10 சதவீத மருந்தில் 2.1 மி.லி. சீசாவில் எத்தனை சதவீதம் என்று பார்க்காமல் ஊற்றவே கூடாது. முல்லேரியஸ் ஒரு வேளை மருந்தில் அடங்காது. எத்தனை நாள், எந்த அளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சினைபிடித்த முதல் மாதத்தில் அல்பென்டசோல் என்ற புழு மருந்து வேண்டாம்.

ஊற்றும்போது தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள். மருந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் புழு செய்யாததை அது செய்துவிடும். கடைவாய் ஓரமாக, மெதுவாக.

புழு செத்த பிறகும் சில நாள் இருமல் இருக்கும், பயப்பட வேண்டாம். பனி காய்ந்த பிறகே மேய்ச்சலுக்கு ஓட்டுங்கள். வாய்க்கால் ஓரப் புல் வேண்டாம். குட்டிகளைப் பரணில் வைத்து தழை கட்டிப் போடுங்கள். காய்ச்சல் 104 டிகிரி தாண்டினாலோ, மூக்கில் கெட்டிச் சளியோடு வாய்ப்புண்ணும் கண்டாலோ ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். அந்த ஆட்டைத் தனியே கட்டிவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.